குழந்தைக்குத் துணியா, டயப்பரா? அன்றாடப் பராமரிப்பில் அறிய வேண்டியவை

குழந்தை பிறந்த வீட்டில் முதல் வாரத்திலேயே எழும் கேள்வி இது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துக் கட்டித்தான் உங்களையெல்லாம் வளர்த்தோம் என்பார் பாட்டி. இரவெல்லாம் விழித்துத் துணி மாற்றி, பகலெல்லாம் அதையே துவைத்துக் களைத்த தாய்க்கோ, கடையில் கிடைக்கும் டயப்பர் பெரும் ஆறுதலாகத் தோன்றும். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் டயப்பரால் தோல் புண்ணான குழந்தைகளையும் காண்கிறோம். துணியால் புண்ணான குழந்தைகளையும் காண்கிறோம். இவ்விரு வகைக் குழந்தைகளின் தோலையும் கெடுத்தது பெரும்பாலும் ஒன்றே: ஈரமும் மலமும் தோலின் மீது நெடுநேரம் தங்கியிருந்தமை.

எனவே, எதைக் கட்டுவது என்பதைவிட எப்போது மாற்றுவது என்பதே முதன்மையானது. துணி நனைந்தால் கையில் ஈரம் படும். குழந்தையும் அழுது தெரிவிக்கும். டயப்பர் நனைந்தாலும் வெளியே தெரியாது. இவ்வேறுபாட்டை உணர்ந்து நடந்துகொண்டால் இரண்டையுமே பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம்.

சுருக்கமாக

• மலம் கழித்தால் உடனே மாற்றுக. சிறுநீர் மட்டுமெனில் துணியை நனைந்தவுடனும், டயப்பரைப் பகலில் 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்றுக.
• வீட்டில் பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் டயப்பர் என்ற முறை பல குடும்பங்களுக்கு ஏற்றது.
• டயப்பர் அணிந்த குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்பதைக் கணக்கில் வையுங்கள். வயிற்றுப்போக்கின்போது இது உயிர் காக்கும் செய்தி.
• தோல் சிவந்தால் மருந்துக் கடையில் தாமாகக் களிம்பு வாங்கித் தடவாதீர்கள்.

தோலுக்கு என்ன நேர்கிறது?

குழந்தையின் தோல் பெரியவர்களின் தோலைவிட மென்மையானது. அது ஈரத்தில் ஊறும்போது மேலும் இளகி, துணியோ டயப்பரோ உரசினாலே உரியும் நிலையை அடைகிறது. சிறுநீரில் யூரியா என்னும் பொருள் உள்ளது. மலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. இயல்பாகச் சற்றே அமிலத்தன்மை கொண்ட தோலின் மேற்பரப்பு இதனால் காரத்தன்மை அடைகிறது. கார நிலையில், மலத்தில் உள்ள செரிமான நொதிகள் வீறு கொண்டு தோலையே அரிக்கத் தொடங்குகின்றன.

சிறுநீரும் மலமும் கலந்து நிற்பதே பெருந்தீங்கு என்பதும், வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் ஒரே இரவில் தோல் சிவந்து புண்ணாவதும் இதனால்தான். டயப்பர் புண் 9 முதல் 12 மாதக் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. இணை உணவு தொடங்கி மலத்தின் தன்மை மாறுவதும், இரவில் குழந்தை நெடுநேரம் உறங்குவதும் இதற்குக் காரணங்கள்.

துணி நாப்கின்: நன்மைகளும் கவனிக்க வேண்டியவையும்

மென்மையான, பலமுறை துவைத்த பருத்தித் துணி காற்றோட்டம் தரும், செலவு குறைவு, நனைந்தது உடனே தெரியும். பிறந்த முதல் சில வாரங்களில், தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறதா என்பதைச் சிறுநீரின் எண்ணிக்கையைக் கொண்டே அறிகிறோம். ஐந்தாம் நாளுக்குப் பின் 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை சிறுநீர் கழிக்க வேண்டும். இந்தக் கணக்குக்குத் துணியே எளிது.

ஆனால் நனைந்த துணி தோலோடு ஒட்டியே இருக்கும். அதை உடனே மாற்றாவிட்டால் டயப்பரைவிட விரைவாகத் தோலைக் கெடுக்கும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் இன்னோர் இடர் உண்டு. ஈரத்துணி அவர்களின் உடல் வெப்பத்தை விரைவில் குறைத்துவிடும். 2.5 கிலோவுக்குக் குறைவான எடையுடன் பிறந்த குழந்தையை ஈரத்துணியுடன் சில நிமிடங்கள்கூட விடலாகாது.

துணியைத் தூய்மை செய்யும் முறை:

• குழந்தையின் மலத்தைக் கழிப்பறையில் கொட்டி நீர் ஊற்றுங்கள். ‘பால் குடிக்கும் குழந்தையின் மலம்தானே’ என்று வாசலிலோ சாக்கடையிலோ கொட்டுதல் தவறு. அதிலும் நோய்க்கிருமிகள் இருக்கும்.
• பிற துணிகளோடு கலக்காமல் மூடியுள்ள வாளியில் தனியே போட்டு வையுங்கள். அன்றன்றே துவையுங்கள். நீர் நிரம்பிய வாளி தவழும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.
• சாதாரணச் சோப்பால் துவைத்து, நுரை முற்றிலும் நீங்கும்வரை இரண்டு மூன்று முறை தூய நீரில் அலசுங்கள். துணியில் தங்கும் சோப்பும் கிருமிநாசினித் திரவமும் தோலை எரிச்சலூட்டும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் தேவையில்லை. அது துணி ஈரம் உறிஞ்சும் தன்மையையும் குறைக்கும்.
• நல்ல வெயிலில் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் இருபுறமும் இஸ்திரி செய்து முழுதும் உலர்ந்த பின்னரே கட்டுங்கள். தொற்று உள்ள நாட்களில் கொதிநீரில் ஊறவைத்துத் துவைப்பது நல்லது.
• துணிகளை எடுத்து வைக்கும் பெட்டியில் அந்துருண்டை எனப்படும் நாப்தலீன் உருண்டைகளைப் போடாதீர்கள். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள சிசுக்களுக்கு அதன் ஆவியும் துகளும் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடும் மஞ்சள் காமாலையும் இரத்தச்சோகையும் ஏற்படக்கூடும். இக்குறைபாடு பார்வைக்குத் தெரியாது. மூத்த குழந்தைக்குப் பயன்படுத்தி எடுத்து வைத்த துணிகளை இளைய குழந்தைக்கு அணிவிக்கும் முன் இதனை நினைவில் கொள்ளுங்கள்.

துணியின் மேல் பிளாஸ்டிக் ஜட்டி அணிவிக்கும் வழக்கம் சில வீடுகளில் உள்ளது. இது காற்றைத் தடுத்து ஈரத்தைத் தோலோடு அடைத்து வைக்கிறது. படுக்கை நனையாமல் காக்க ரப்பர் ஷீட்டை விரித்து, அதன்மேல் பருத்தித் துணி போடுவதே போதும்.

ஒருமுறை பயன்படுத்தும் டயப்பர்: நன்மைகளும் கவனிக்க வேண்டியவையும்

இன்றைய டயப்பரின் நடுவில் மரக்கூழுடன் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் படிகத்தூள் உள்ளது. 1980களில் டயப்பர்களில் இடம்பெறத் தொடங்கிய இப்பொருள், தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாக மாறிப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகையால் சிறுநீர் கழித்த பின்னும் மேற்பரப்பு உலர்ந்தே இருக்கும். தாயும் குழந்தையும் இடையூறின்றி உறங்கவும், தடுப்பூசிக்கோ மருத்துவமனைக்கோ நெடுந்தொலைவு செல்லவும் இது பேருதவி. பேறுகாலத்தில் அறுவை செய்துகொண்ட தாய்க்கும், வீட்டில் துணைக்கு ஆள் இல்லாத தாய்க்கும் இது ஆடம்பரமன்று.

எனினும் மூன்று உண்மைகளை மறக்கலாகாது.

முதலாவது, படிகத்தூள் நீரை மட்டுமே உறிஞ்சும். மலம் தோலின் மீதே தங்கும். எவ்வளவு விலை உயர்ந்த டயப்பரானாலும் மலம் கழித்த பின் அதை விட்டுவைத்தல் கூடாது.

இரண்டாவது, ‘12 மணி நேரப் பாதுகாப்பு’ போன்ற விளம்பரச் சொற்கள் கசிவைப் பற்றியவை. டயப்பர் கசியாமல் இருக்கும் நேரம் வேறு. தோல் நலமாக இருக்கும் நேரம் வேறு.

மூன்றாவது, செலவு. ஒரு டயப்பர் 10 ரூபாய் எனக் கொண்டாலும், நாளொன்றுக்கு ஆறு வீதம் மாதம் 1,800 ரூபாய் ஆகும். இச்செலவைத் தாங்க இயலாத குடும்பங்கள், நாளுக்கு இரண்டு டயப்பர் என்று சுருக்கி, ஒன்றையே எட்டு, பத்து மணி நேரம் விட்டுவைக்கின்றன. புறநோயாளிப் பிரிவில் நாங்கள் காணும் டயப்பர் புண்கள் பலவற்றின் பின்னணி இதுவே. இதில் பெற்றோரைக் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் நாளுக்கு இரண்டு டயப்பர் வாங்கவே வசதி உண்டெனில், அவ்விரண்டையும் இரவுக்கும் பயணத்துக்கும் வைத்துக்கொண்டு எஞ்சிய நேரத்தில் துணி கட்டுவதே குழந்தைக்கு நல்லது.

டயப்பர் அணிவிக்கும்போது:

• குழந்தையின் தற்போதைய எடைக்கு ஏற்ற அளவையே வாங்குங்கள். இடுப்பில் இரண்டு விரல் நுழையும் தளர்வு வேண்டும். தொடையில் சிவந்த தடம் பதிந்தால் அளவு சிறிதாகிவிட்டது என்று பொருள்.
• தொப்புள் கொடி விழும்வரை டயப்பரின் மேல்விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்து விடுங்கள். கொடியின் மீது சிறுநீர் படலாகாது.
• நாளில் பலமுறை, ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடம், எதுவும் கட்டாமல் காற்றுப்படக் குழந்தையைக் கிடத்துங்கள். குளிர்காற்று நேராகப் படாத இடமாக இருக்கட்டும்.

எது தோலுக்கு நல்லது என்பதில் மருத்துவ ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் பெற்றோர் கேட்பதுண்டு. டயப்பர் புண்ணைத் தடுப்பதில் ஒருமுறை பயன்படுத்தும் டயப்பர் சிறந்ததா என்பது குறித்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு 2006-இல் வெளியானது. ஆம் என்றோ இல்லை என்றோ உறுதியாகக் கூறப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு. ஆகவே, துணி கட்டும் தாய் தன் குழந்தைக்குக் குறை வைத்ததாகவும், டயப்பர் போடும் தாய் தன் சோம்பலுக்காகக் குழந்தையை வருத்துவதாகவும் எண்ண இடமில்லை.

சிறுநீரின் கணக்கு ஏன் முக்கியம்?

வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தையின் தாயிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது?’ என்பது. டயப்பர் அணிந்த குழந்தை எனில், ‘டயப்பர் கனமாகத்தான் இருந்தது’ என்ற விடையே பலமுறை கிடைக்கிறது. பிரித்துப் பார்த்தால், அந்தக் கனம் நீராகப் போன மலத்தினுடையது. சிறுநீர் பல மணி நேரமாகவே இறங்கியிருக்காது. உடலில் நீர் வற்றிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் யாருக்கும் ஐயம் எழுந்திருக்காது. துணி கட்டியிருந்தால் இது முன்னரே தெரிந்திருக்கும்.

ஆகையால், வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் உள்ள நாட்களில் இயன்றவரை துணியையே கட்டுங்கள். டயப்பரே வேண்டுமெனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். முன்பகுதியில் ஒரு சிறு பருத்தித் துணியை மடித்து வைத்தால், அது நனைந்ததைக் கொண்டு சிறுநீரை அறியலாம்.

பிறந்த குழந்தைக்கு டயப்பர் பயன்படுத்துவோர் ஒரு சோதனை செய்து பழகலாம். உலர்ந்த டயப்பர் ஒன்றில் மூன்று மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 45 மி.லி. நீரை ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். நனைந்த டயப்பரின் எடை எப்படி இருக்கும் என்பது கைக்குப் பிடிபடும். முதல் சில நாட்களில் டயப்பரில் இளஞ்சிவப்பு அல்லது செங்கல் நிறக் கறை காணலாம். சிறுநீரில் உள்ள யூரேட் உப்பே அதற்குக் காரணம். தாய்ப்பால் பெருகியதும் மறையும். ஐந்து நாளுக்குப் பின்னும் தொடர்ந்தால் குழந்தைக்குப் பால் போதவில்லை என்று கொண்டு, கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள்.

வயிற்றுப்போக்கு தொடங்கியதும் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். 2 மாதம் முதல் 2 வயது வரையுள்ள குழந்தைக்கு, நீராக மலம் போகும் ஒவ்வொரு முறையும் 50 முதல் 100 மி.லி. வரை, கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரை 14 நாள் தர வேண்டும். அது 2 முதல் 6 மாதம் வரை நாளுக்கு 10 மி.கி., 6 மாதத்துக்கு மேல் 20 மி.கி. இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றுப்போக்கு எனில், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மாற்றும் முறை

1. முதலில் உங்கள் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். தேவையான அனைத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் மீது குழந்தையைத் தனியே விட்டு எழுந்து செல்லாதீர்கள்.
2. வெதுவெதுப்பான தூய நீரும் மென்மையான துணி அல்லது பஞ்சும் கொண்டு துடையுங்கள். மலம் ஒட்டியிருந்தால் தேய்க்காமல், நீரூற்றிக் கழுவுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்பு வேண்டியதில்லை. ஈரத்துடைப்பான் பயன்படுத்தினால் வாசனையும் ஆல்கஹாலும் இல்லாததாக இருக்கட்டும்.
3. பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். இது மலக்கிருமிகள் சிறுநீர்ப் பாதைக்குள் செல்வதைத் தடுக்கும். ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்கு இழுத்துத் தூய்மை செய்ய முயலாதீர்கள்.
4. தொடை இடுக்குகளை ஒற்றி உலர்த்துங்கள். முழுதும் உலர்ந்த பின்னரே அடுத்ததைக் கட்டுங்கள்.
5. தோல் அடிக்கடி சிவக்கும் குழந்தைக்கு, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஜிங்க் ஆக்சைடு களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிய படலமாகத் தடவலாம்.
6. முடிந்ததும் மீண்டும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். குடும்பத்தினர் பிறருக்கும் வயிற்றுப்போக்கு பரவாமல் தடுப்பது இந்தப் பழக்கமே.

தோல் சிவந்துவிட்டால்

உரசலாலும் ஈரத்தாலும் வரும் சாதாரணச் சிவப்பு, பிட்டம், தொடையின் உட்புறம், பிறப்புறுப்பின் மேற்பகுதி ஆகிய புடைத்த இடங்களில் தோன்றும். தொடை இடுக்கின் மடிப்புகள் பெரும்பாலும் தப்பிவிடும். இதற்குச் சில நாள் டயப்பரை நிறுத்தி, காற்றுப்பட விட்டு, ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசினால் இரண்டு மூன்று நாளில் குணம் தெரியும். மாற்றும்போது களிம்பு முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டாம். மலம் பட்ட மேற்படலத்தை மட்டும் நீக்கி, அதன்மேல் மீண்டும் பூசுங்கள்.

சிவப்பு அடர்ந்து, இடுக்கு மடிப்புகளுக்குள்ளும் பரவி, அதன் ஓரங்களைச் சுற்றிச் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் மருந்து உட்கொண்ட பின் இது வருவதுண்டு. குழந்தையின் வாயில் வெண்படலமும் உடன் காணப்படலாம். இதற்குப் பூஞ்சையெதிர்ப்புக் களிம்பு தேவை. அதை மருத்துவர் பார்த்தே எழுத வேண்டும்.

செய்யக் கூடாதவை

• முகப்பூச்சு மாவு போன்ற டால்கம் பவுடரைக் கொட்டாதீர்கள். அதன் துகள் குழந்தையின் நுரையீரலுக்குள் செல்லும். இடுக்கில் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகித் தோலை உரசும்.
• போரிக் பவுடர் தடவாதீர்கள். புண்ணான தோல் வழியே அது உடலுக்குள் ஏறி நஞ்சாகும்.
• கிருமிநாசினித் திரவத்தை நீரில் கலந்து கழுவாதீர்கள்.
• ‘படைக்கும் அரிப்புக்கும்’ என்று பெரியவர்களுக்காக வீட்டில் இருக்கும் கலவைக் களிம்பைத் தடவாதீர்கள். அவற்றுள் பலவற்றில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரிய ஸ்டீராய்டுகள் உள்ளன. தடவியதும் சிவப்பு மறைவதால் நல்ல மருந்து என்று தோன்றும். ஆனால் டயப்பரால் மூடிய தோல், மருந்தைப் பன்மடங்கு உறிஞ்சும். தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், தொற்று உள்ளே பரவும், குழந்தையின் வளர்ச்சியே பாதிக்கப்படக்கூடும். இவை மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்கப்பட வேண்டியவை.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

பின்வருவன இருந்தால் அடுத்த நாளுக்குள் காட்டுங்கள்:

• மூன்று நாள் கவனித்தும் சிவப்பு குறையவில்லை
• மடிப்புகளுக்குள் பரவிய அடர்சிவப்பு, சிதறிய புள்ளிகள்
• வயிற்றுப்போக்கு தொடர்வதோடு, வாயைச் சுற்றியும் கைகால் விரல்களிலும் இதே போன்ற புண்
• சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் வீறிட்டு அழுதல்

பின்வருவன இருந்தால் உடனே செல்லுங்கள். தேவையெனில் 108-ஐ அழையுங்கள்:

• 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை
• கண் குழிவிழுதல், நாக்கு வறளுதல், உச்சிக்குழி அமுங்குதல், அழுதால் கண்ணீர் வராமை
• சோர்ந்து கிடத்தல், பால் குடிக்க மறுத்தல்
• தோல் புண்ணோடு காய்ச்சல், சீழ், நீர்க்கொப்புளம், இரத்தக்கசிவு
• பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தையின் தோலில் சீழ்க்கொப்புளம்

படுக்கையில் உள்ள பெரியவர்களுக்கு

பக்கவாதத்தாலும் மறதிநோயாலும் படுக்கையில் இருப்போரைப் பராமரிப்பவர்களுக்கும் மேற்கூறிய நெறி பொருந்தும். முதியோரின் தோலும் மெலிந்ததே. டயப்பர் இருக்கிறது என்பதற்காக இரவு முழுவதும் அப்படியே விட்டால், ஈரத்தால் வரும் புண்ணும் அழுத்தத்தால் வரும் படுக்கைப்புண்ணும் ஒன்றுகூடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கும்போதே டயப்பரையும் பார்த்துவிடுங்கள். பகலில் டயப்பரைக் கழற்றி, உறிஞ்சும் விரிப்பின் மீதோ ரப்பர் ஷீட்டும் துணியும் விரித்த படுக்கை மீதோ கிடத்துவது நல்லது. கசியாமல் இருக்க ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் அணிவிக்காதீர்கள்.

சிறுநீர் அடக்க முடியாமை முதுமையின் இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, கட்டுப்படாத சர்க்கரை நோய், புராஸ்டேட் வீக்கம், மலச்சிக்கல், சில மருந்துகள் எனச் சரிசெய்யத்தக்க காரணங்கள் பல உண்டு. டயப்பர் போடத் தொடங்கும் முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். துணி நனையும் என்று அஞ்சி அவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கவும் விடாதீர்கள். எழுந்து செல்லக்கூடியவரை, நேரம் வைத்துக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாற்றும்போது கதவைச் சாத்தி, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பேச இயலாதவருக்கும் கூச்சம் உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ், படுக்கையில் உள்ளோருக்கு வீட்டிலேயே ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அளிக்கப்படுகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பயன்படுத்திய டயப்பரை என்ன செய்வது?

மலத்தைக் கழிப்பறையில் கொட்டிய பின், டயப்பரை இறுகச் சுருட்டி, செய்தித்தாளில் பொதிந்து, மட்கும் குப்பையோடு கலக்காமல் தனியே தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். இவ்வாறு பொதிந்து தர வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே கூறப்பட்டது. குப்பையைத் தரம் பிரிப்பவர் நம்மைப் போன்ற ஒருவரே என்பதை எண்ணிப் பாருங்கள். கழிப்பறைக் குழியிலோ வாய்க்காலிலோ ஏரியிலோ எறியாதீர்கள். எரிக்கவும் வேண்டா, அதிலுள்ள பிளாஸ்டிக்கின் புகை கேடு தரும்.

சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்பதை இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2005-இலும் 2008-இலும் ஆராய்ந்தது. துணியைத் துவைத்து உலர்த்தும் முறையைப் பொறுத்தே வேறுபாடு அமைகிறது என்றது அந்த ஆய்வு. உலர்த்தும் எந்திரம் இன்றிக் கொடியில் உலர்த்துவதும், அதே துணியை அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்துவதும் துணியின் பக்கம் தராசைச் சாய்ப்பவை. இரண்டும் நம் வீடுகளின் வழக்கமே.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயப்பர் அணிவதால் கால் வளையுமா?
வளையாது. பிறந்த குழந்தையின் கால்கள் இயல்பாகவே சற்று வளைந்திருக்கும். ஏறத்தாழ 2 வயதுக்குள் நேராகிவிடும்.

ஆண் குழந்தைக்குப் பிற்காலத்தில் மலட்டுத்தன்மை வருமா?
அவ்வாறு வரும் என்பதற்குச் சான்று இல்லை.

டயப்பர் கிழிந்து கூழ் போன்ற மணிகள் தோலில் ஒட்டியுள்ளன. ஆபத்தா?
இல்லை. நீரால் கழுவிவிடுங்கள். ஆனால் குழந்தை டயப்பரைப் பிய்த்து வாயில் போட விடாதீர்கள்.

கழிப்பறைப் பழக்கத்தை எப்போது தொடங்கலாம்?
பெரும்பாலான குழந்தைகள் 18 முதல் 24 மாதத்தில் ஆயத்தமாவர். இரண்டு மணி நேரம் நனையாமல் இருத்தல், கழிக்கப் போவதைச் சைகையாலோ சொல்லாலோ தெரிவித்தல் ஆகியன அறிகுறிகள். அதட்டுதலும் அடித்தலும் பயன் தரா.

நிறைவாக

உங்கள் வீட்டின் வசதி, நீர், வெயில், உதவிக்கு உள்ள கைகள் ஆகியவற்றைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். துணியோ டயப்பரோ, மாற்றும் நேரத்தைத் தவறவிடாமலும் சிறுநீரின் கணக்கை மறவாமலும் இருந்தால் போதும். ஐயம் இருப்பின் கிராம சுகாதாரச் செவிலியரையோ 104 மருத்துவ ஆலோசனை எண்ணையோ தொடர்புகொள்ளுங்கள். இங்குள்ள செய்திகள் பொது அறிவுக்கானவை. உங்கள் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவரின் அறிவுரையே இறுதியானது.